குப்லாய் கானின் பட்டு ஓவியம்: வரைந்தது யார், எதற்காக?

கேள்வி இது: பாடநூல்களில் வரும் செங்கிஸ் கான், குப்லாய் கான் மார்பளவுப் படங்கள் நேரில் பார்த்து வரையப்பட்டவையா? கூடாரத்தில் வாழ்ந்த மங்கோலியர்களுக்குப் பட்டில் உருவப்படம் வரையும் வழக்கம் எங்கிருந்து வந்தது? வரைந்தவர்கள் யார்? ஏன் பட்டு?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்கிஸ் கானின் படம் அவர் முகத்தைப் பார்த்து வரையப்பட்டதில்லை. குப்லாயின் படம் அவரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அருகிலிருந்து அறிந்த ஒரு நேபாளக் கலைஞரின் கைவேலையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுமே இறந்த அரசரைத் தெய்வமாக வைத்து வணங்கும் வழிபாட்டிலிருந்து பிறந்தவை. அந்த வழிபாட்டில் நடுநாயகமாக இருந்ததோ ஓவியத்தைப் பார்த்துப் பட்டிலேயே நெய்தெடுத்த பெரிய உருவம். இன்று நாம் பார்க்கும் சிறிய பட்டு ஓவியங்கள் அந்த நெசவுக்கான மாதிரிகள் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஏன் என்பதை இனி விரித்துச் சொல்கிறேன்.

படங்கள் இருப்பது தைவானின் தைப்பே நகரில், தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில். இரண்டு படத் தொகுப்புகள்; ஒவ்வொரு படமும் ஒரு தனி ஏடு. ஒன்றில் எட்டு அரசர்கள்: செங்கிஸ் கான், அவர் மகன் ஒகதாய், பேரன் குப்லாய், அதன்பின் தெமூர், கைஷான், ஆயுர்பர்வதா, துக் தெமூர், ரிஞ்சின்பால். மற்றொன்றில் பதினைந்து அரசியர். குப்லாயின் ஏடு 59.4 சென்டிமீட்டர் உயரம், 47 சென்டிமீட்டர் அகலம். மற்றவையும் ஏறக்குறைய இதே அளவு. பின்னணியில் எதுவும் இல்லை. சிம்மாசனம் இல்லை, திரைச்சீலை இல்லை, கைகள்கூடத் தெரிவதில்லை. வெறும் பட்டின் நிறத்தின் மேல், சற்றே பக்கவாட்டில் திரும்பிய ஒரு முகமும் தோளும்.

இதற்கு முந்தைய சோங் வம்சத்து அரசர் படங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். சோங் அரசர்கள் ஆளுயரத் தொங்கு ஓவியங்களில் நாற்காலியில் முழு உருவமாக அமர்ந்திருக்கிறார்கள். பின்னால் வந்த மிங் அரசர்கள் நேர்முகமாக, டிராகன் பொறித்த உடையில், பார்ப்பவரை அதட்டுவதுபோல் இருக்கிறார்கள். நடுவில் வரும் மங்கோலியப் படங்களில் மட்டும் அதிகாரத்தின் சின்னங்கள் எல்லாம் நீக்கப்பட்டு முகம் ஒன்றே எஞ்சி நிற்கிறது. இதை எளிமைக்கு அடையாளமாகப் புகழ்வது வழக்கம். எனக்கு அது பொருந்தும் விளக்கமாகப் படவில்லை. அந்த அரசவையின் தங்கச் சரிகை மோகத்தையும் முத்து மோகத்தையும் அறிந்தவர்கள் எளிமை என்று சொல்ல மாட்டார்கள். முகத்தையும் உடையின் மேற்பகுதியையும் மட்டும் துல்லியமாகக் குறித்துக்கொள்ளும் ஒரு வேலைப்படி இது என்று கொண்டால்தான் இந்த வெறுமை புரிகிறது.

மங்கோலியர்களுக்கு உருவ வழிபாடு புதிதில்லை என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். முன்னோரின் உருவங்களைக் கம்பளியை அழுத்திச் செய்த தடித்த துணியால் செய்து கூடாரத்தில் வைத்து, உண்ணும் முன் அவற்றின் வாயில் கொழுப்பும் பாலும் தடவும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. 1246-இல் ஒகதாயின் மகன் கூயுக் கானின் முகாமுக்குப் போன ஜியோவன்னி கார்பினி என்ற துறவி, செங்கிஸ் கானின் உருவம் ஒன்றைச் செய்து மரியாதைக்குரிய இடத்தில் வைத்திருந்ததையும், வந்தவர்கள் தெற்கு நோக்கி அதற்குத் தலைவணங்க வேண்டியிருந்ததையும் எழுதியிருக்கிறார். செர்னிகோவ் இளவரசர் மிகைல் வணங்க மறுத்தார், கொல்லப்பட்டார். ஆகவே சீனாவைப் பிடித்த பிறகு குப்லாய் செய்தது, தன் மக்களிடம் முன்பே வேரூன்றியிருந்த முன்னோர் வழிபாட்டுக்குச் சீனப் பட்டையும் தூரிகையையும் பௌத்த விகாரத்தையும் சேர்த்தது. சீன மரபை அப்படியே கடன்வாங்கினார் என்று எழுதுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

செங்கிஸ் கான் 1227-இல் இறந்தார். சீனாவை ஆண்ட மங்கோலியரின் யுவான் வம்ச வரலாற்று நூலின்படி 1278-இல்தான் குப்லாய், அரசவை அறிஞர் குழுவான ஹன்லின் கழகத்தின் மூத்த அதிகாரி கோர்கோசுனிடம் செங்கிஸ் கானின் திருவுருவத்தை வரையும் பணியை ஒப்படைத்தார். இடையே ஐம்பத்தொரு ஆண்டுகள். மறு ஆண்டு தன் தந்தை தொலுயின் படத்தையும் வரையச் சொன்னார். முன்பே இருந்த ஒகதாயின் பழைய படத்தோடு சேர்த்து மூன்றும் ஹன்லின் கழகத்தில் வைக்கப்பட்டன. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் அதிகாரிகள் படையல் இட்டனர். ஒகதாய்க்குப் ‘பழைய படம்’ இருந்தது என்ற குறிப்பு முக்கியமானது. அவருக்கு இருந்த ஆதாரம் செங்கிஸுக்கு இல்லை, அதனால்தான் புதிதாக வரைய வேண்டியிருந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது.

அரை நூற்றாண்டு கழித்து வரைபவருக்குக் கைகொடுத்தது முதியவர்களின் நினைவும் வாய்மொழியும் சந்ததியினரின் முகச்சாயலும்தான். 1221-இல் மங்கோலியர்களிடம் தூது சென்ற சோங் அதிகாரி ஜாவ் ஹோங், செங்கிஸ் கானைப் பெருத்த உடலும் அகன்ற நெற்றியும் நீண்ட தாடியும் கொண்டவர் என்று குறித்திருக்கிறார். தைப்பே ஏட்டில் இருக்கும் கிழவருக்கு அகன்ற நெற்றியும் நீண்ட தாடியும் இருக்கின்றன. ஆனால் அவர் அணிந்திருக்கும் வெளிர்நிற உடையும் தொப்பியும் பக்கத்து ஏட்டில் இருக்கும் பேரன் குப்லாயின் உடையையும் தொப்பியையும் ஒட்டியே இருக்கின்றன. வம்சத்தின் முதல்வரைப் பேரனின் காலத்து அலங்காரத்தில் காட்டியிருக்கிறார்கள். பேரனுக்கு அது தேவையாகவும் இருந்தது. 1271-இல் ‘யுவான்’ என்று வம்சப் பெயர் சூட்டி, 1279-இல் தெற்குச் சோங்கை முற்றாக வென்று, உறவினர்களே தன் உரிமையை ஏற்க மறுத்துப் போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், செங்கிஸுக்கும் தனக்கும் நேர்கோடு போட்டுக்காட்ட வேண்டிய கட்டாயம் குப்லாய்க்கு இருந்தது. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் புகைப்படம் எடுத்ததுபோல் பாடநூலில் அச்சிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனி குப்லாய். இங்கேதான் அனிகே வருகிறார்.

அனிகே காத்மாண்டு பள்ளத்தாக்கைச் சேர்ந்த நேவார் கலைஞர். 1245-ஐ ஒட்டிப் பிறந்தவர். 1260-இல் குப்லாய், தன் திபெத்திய குரு பக்பாவிடம் திபெத்தில் பொன் தூபி ஒன்று எழுப்பச் சொன்னார். நேபாளத்திலிருந்து நூறு கலைஞர்களைக் கேட்டார்கள். எண்பது பேர் கிடைத்தார்கள். குழுவுக்குத் தலைமை தாங்க ஆள் தேடியபோது தானே முன்வந்தவர் அனிகே. அப்போது பதினேழு வயதுகூட நிறைந்திருக்காது. வேலை முடிந்ததும் ஊர் திரும்ப விரும்பியவரைப் பக்பா விடவில்லை. சீடராக்கிக் குப்லாயிடம் அழைத்துச் சென்றார். அரசவையில் அவர் திறமையைச் சோதிக்க, சோங் காலத்துச் செப்பு உருவம் ஒன்றைக் கொடுத்தார்கள். குத்தூசி மருத்துவம் கற்பிக்க நரம்புப் புள்ளிகள் குறிக்கப்பட்ட உருவம் அது. பழுதாகிக் கிடந்தது, உள்ளூர்க் கொல்லர்கள் தொடத் தயங்கினார்கள். 1265-இல் அனிகே அதைச் சரிசெய்து முடித்தபோது அரசவைப் பொற்கொல்லர்களே வியந்தார்கள் என்கிறது யுவான் வரலாறு. 1273-இல் அரசின் கைவினைஞர் துறைகள் பலவற்றுக்கும் தலைமை அதிகாரியானார். இன்றும் பெய்ஜிங் நகரின் மேற்குப் பகுதியில் ஏறக்குறைய 51 மீட்டர் உயரத்தில் நிற்கும் வெள்ளைத் தூபி 1271 முதல் 1279 வரை அவர் கட்டியது.

1294 பிப்ரவரியில் எழுபத்தெட்டு வயதுக் குப்லாய் இறந்தார். அனிகேயின் கல்லறைக் கல்வெட்டை எழுதிய செங் ஜூஃபு அதன்பின் நடந்ததைக் குறித்திருக்கிறார்: அரசர் மறைந்தபின் அனிகே குப்லாய், அரசி சாபி ஆகிய இருவரின் திருவுருவங்களையும் நினைவிலிருந்து வரைந்தார், அவை நெய்யப்பட்டு ரென்வாங் விகாரத்திலும் வான்ஆன் விகாரத்திலும் தனிக் கூடங்களில் எழுந்தருளச் செய்யப்பட்டன. வரைந்தார், பிறகு நெய்யப்பட்டது. இந்த வரிசைமுறை நம் கேள்விக்கு மிக முக்கியமான சான்று. இதையும் ஓவியப் பாணியையும் சேர்த்து வைத்து, தைப்பேயில் இருக்கும் குப்லாய், சாபி ஏடுகள் அனிகேயின் கைவேலை என்று கலை வரலாற்றாய்வாளர் அன்னிங் ஜிங் 1994-இல் வாதிட்டார். ஏட்டில் கையொப்பம் இல்லை. வழிபாட்டு உருவத்தில் கையொப்பம் இடும் பழக்கமும் இல்லை. எனவே இது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம்.

குப்லாயின் முகத்தைப் பாருங்கள். எழுபத்தெட்டு வயது தெரிவதில்லை. கடைசி ஆண்டுகளில் அவர் உடல் பெருத்து, மூட்டுவாதத்தால் வாடினார். ஓவியத்தில் இருப்பவரோ நல்ல உடல்நலத்தோடு சிவந்த, சதைப்பிடிப்பான முகத்தோடு இருக்கிறார். அவரை நேரில் பலமுறை பார்த்ததாகச் சொல்லும் மார்க்கோ போலோ, நடுத்தர உயரம், வெண்மையும் சிவப்பும் கலந்த முகநிறம், கரிய கண்கள், எடுப்பான மூக்கு என்று வர்ணிக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன் கேட்டறிந்த கதை வேறு: குப்லாய் பிறந்தபோது செங்கிஸ் கான் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகள் எல்லாம் சிவந்த நிறம், இவன் மட்டும் தாய்மாமன்களைப்போல் கறுப்பாக இருக்கிறானே என்றாராம். சிவந்த முகம் அந்தக் குடும்பத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது என்பது இந்தக் கதையால் தெரிகிறது. ஓவியர் கன்னங்களில் அந்தச் சிவப்பை வைத்தது அதனால்கூட இருக்கலாம். நினைவிலிருந்து வரையும்போது முகம் எப்படி இருந்தது என்பதோடு எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதும் கலந்துவிடுகிறது.

உடை வெள்ளை. மங்கோலியர்களுக்கு வெள்ளை மங்கல நிறம். புத்தாண்டில் அரசரும் குடிமக்களும் வெள்ளை உடுத்தியதை மார்க்கோ போலோவும் சொல்கிறார். முன்நெற்றியில் ஒரு சிறு முடிக்கற்றை, காதுகளுக்குப் பின்னால் வளையமாக மடித்துக் கட்டிய சடைகள் என்று தலைமுடி முழுக்க மங்கோலிய முறையில் இருக்கிறது. சீனத்தை ஆண்ட அரசரைச் சீன அரசராகக் காட்டும் முயற்சி இந்தப் படத்தில் துளியும் இல்லை. தாடி மீசையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனிக் கோடு. முகத்தில் கோடுகள் மிக மெல்லியவை. நிழல் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழுவதில்லை. கண்குழி, மூக்கின் ஓரம், கன்னத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் நிறத்தை மெல்ல அடர்த்தியாக்கியே முகத்துக்குப் புடைப்பு கொடுத்திருக்கிறார்கள்.

இது எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டுத்துணி அப்படியே நிறத்தை ஏற்காது. மை ஓடிப் பரவிவிடும். அதனால் படிகாரமும் விலங்குப் பசையும் கலந்த நீரைப் பூசி இழைகளின் இடைவெளியை அடைக்கிறார்கள். தாளில் திருத்தித் திருத்தி முடித்த வரைவைப் பட்டுக்கு அடியில் வைத்தால் கோடுகள் மேலே தெரியும். அதன்மேல் மெல்லிய மையால் இறுதிக் கோடு. பிறகு நிறங்கள்: சாதிலிங்கச் சிவப்பு, செம்புத் தாதுக்களை அரைத்த நீலமும் பச்சையும், ஈய வெள்ளை, அவுரி. நுட்பமான உருவப்படங்களில் முகத்துக்கான வெள்ளையைப் பட்டின் பின்பக்கத்திலிருந்தும் பூசுவார்கள். இழைகளின் ஊடே அது முன்பக்கம் கசிந்து தெரியும்போது தோலுக்கு அடியிலிருந்து வெளிச்சம் வருவதுபோன்ற ஒரு தன்மை கிடைக்கும். தாளில் இது முடியாது. கேள்வியில் ‘ஏன் பட்டு’ என்று கேட்டிருந்தீர்கள். விலை, மதிப்பு எல்லாம் உண்டு என்றாலும் ஓவியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான் காரணம்.

யுவான் காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த வாங் யீ என்ற உருவப்பட ஓவியர் தன் தொழில் ரகசியங்களை எழுதிவைத்தார். தாவ் சோங்யீ 1366-இல் வெளியான தன் குறிப்புத் தொகுப்பில் அதைச் சேர்த்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆளை அசையாமல் களிமண் பொம்மைபோல் உட்காரவைத்து வரையும் சாதாரண ஓவியர்களை அவர் கடுமையாகத் திட்டுகிறார். ஆள் கத்திப் பேசிச் சிரிக்கும்போதுதான் உண்மையான இயல்பு வெளிப்படும், அப்போது அமைதியாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், கண்ணை மூடினால் கண்முன் நிற்க வேண்டும், அதன்பிறகே தூரிகை. தொடங்குவது மூக்கிலிருந்து, முதலில் நாசிப் புடைப்புகள், பிறகு மூக்கு நுனி என்று போகிறது அவர் வரிசை. வாங் யீ அரசவை ஓவியர் இல்லை. ஆனால் பார்த்து மனதில் இருத்திப் பின்னர் வரைவது அக்காலத்தில் குறையாகக் கருதப்படவில்லை, மேலான முறையாகவே கருதப்பட்டது என்பதை அவர் எழுத்து காட்டுகிறது. ‘நேரில் பார்த்து வரைந்ததா’ என்ற நம் கேள்வியே புகைப்படக் காலத்துக் கேள்வி. முப்பது ஆண்டுகள் அரசரின் முன் நின்று ஆணை வாங்கிய அனிகேயின் நினைவு, ஒருநாள் எதிரில் உட்காரவைத்து எடுக்கும் வரைவைவிடக் குறைந்த சான்று என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது நெசவு. யுவான் வரலாறு இதில் தெளிவாகப் பேசுகிறது. மூதாதையரின் திருவுருவங்கள் வைக்கப்பட்ட கூடங்களைப் பற்றிய அதிகாரத்தில், அவை எல்லாம் பட்டு நெசவுப் பிரிவு நெய்தவை என்று எழுதியிருக்கிறது. அனிகேயின் வாழ்க்கைக் குறிப்பிலோ, கோயில்களில் இருந்த அரசர் உருவங்களை அவர் நெசவில் செய்தார், தூரிகை ஓவியம் அதற்கு ஈடாகாது என்று புகழ்ந்திருக்கிறது. 1307-ஆம் ஆண்டு ஆணை ஒன்றில், மறைந்த தெமூரின் உருவத்தை விகாரத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தும், சில இளவரசர், இளவரசியரின் உருவங்களை அரண்மனைக் கூடாரத்தில் வரையப்பட்ட ‘சிறு படங்களை’ப் பார்த்தும் நெய்ய வேண்டும் என்று இருக்கிறது. சிறு படங்கள்! தைப்பே ஏடுகளின் அளவையும் வெறுமையான பின்னணியையும் இந்த ஆணையோடு சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு எல்லாம் பொருந்தியது.

முழு அளவு எப்படி இருந்தது என்பதற்கும் பதிவு உண்டு. 1320-இல் ஆயுர்பர்வதா இறந்தபின் வந்த ஆணை, அனிகேயின் மகன் அசெங்கேவையும் உருவப்பட வல்லுநர் லீ சியாவ்யானையும் பெயர் சொல்லி அழைக்கிறது. குப்லாயின் உருவத்துக்கான முறையிலேயே மறைந்த அரசரையும் அரசியையும் வரைய வேண்டும். இருபுறமும் பௌத்தத் தெய்வ மண்டலங்களை, அதாவது தெய்வத்தை நடுவில் வைத்த வழிபாட்டு வரைபடங்களை, முழுதாக வரைய வேண்டும். முதலாம் ஆண்டு நினைவுக்கு முன் முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்பதரைச் சீன அடி உயரம், எட்டு அடி அகலம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். அரை மீட்டர் ஏட்டையும் மூன்று மீட்டர்த் திரையையும் மனதில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகப்பன் தொடங்கிய வேலையை மகன் அதே முறையில் தொடர்ந்தார் என்பதும் இதில் தெரிகிறது. ஏடுகளில் உள்ள அரசர்கள் நாற்பது ஆண்டு இடைவெளியிலும் ஒரே கோணத்தில், ஒரே அளவில், ஒரே அமைதியோடு இருப்பதற்கு இந்தத் தொடர்ச்சிதான் காரணம்.

இந்த நெசவு சீனத்தில் கெசி எனப்படும் வகை. பாவு எனப்படும் நெடுக்கிழை ஒரே நீளமாக ஓடும். ஊடை எனப்படும் குறுக்கிழை மட்டும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி நாடாவில், அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் போய்த் திரும்பிவிடும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கெசியில் பெரும்பாலும் அந்தப் பின்னல்கூடக் கிடையாது. இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பிளவு விழும். வெளிச்சத்தில் பிடித்தால் கத்தியால் கீறியதுபோல் தெரியும். இந்த முறையில் ஒரு கண்ணிமையை, ஒரு தாடி மயிரை நெய்வதற்கு நெசவாளியின் முன் மிகத் துல்லியமான வண்ண மாதிரி இருந்தாக வேண்டும். அந்த மாதிரியை வரைபவர் கைதேர்ந்தவராக இருந்தாக வேண்டும்.

இதில் மங்கோலிய ஆட்சியின் கொடிய பக்கமும் இருக்கிறது. போரில் நகரங்களை அழித்தபோதும் கைவினைஞர்களைக் கொல்லாமல் பிரித்தெடுத்துக் கொண்டுபோனார்கள். ஹெராத் நகரத்து நெசவாளர்கள் பெஷ்பாலிக்குக்கும், சமர்கந்து நெசவாளர்கள் சீனத்தின் வடக்கே ஷுன்மாலினுக்கும் குடும்பத்தோடு பெயர்க்கப்பட்டார்கள். ஷுன்மாலினில் மட்டும் மூவாயிரம் குடும்பங்கள். ‘நசீஜ்’ எனப்படும் தங்கச் சரிகைத் துணி அவர்கள் கையிலிருந்து வந்தது. அரசியர் படங்களில் கழுத்தோரம் மின்னும் பட்டைகள் அதைத்தான் காட்டுகின்றன.

அரசியர் தொகுப்பு தனிச் சுவை உடையது. எல்லோர் தலையிலும் ‘போக்தா’ என்னும் உயரத் தொப்பி. 1250-களில் மங்கோலியாவுக்குப் போன ரூப்ரூக் வில்லியம் என்ற துறவி, மரப்பட்டையால் செய்து பட்டு போர்த்திய, ஒரு முழத்துக்கு மேல் உயரமான, உள்ளே கூடான தொப்பி என்று அதை விவரிக்கிறார்; உச்சியில் இறகுகள் செருகியிருப்பார்களாம். மணமான உயர்குடிப் பெண்கள் மட்டுமே அணிவது. சாபியின் படத்தில் தொப்பியிலும் காதிலும் முத்துகள். ஒவ்வொரு முத்துக்கும் தனியாக வெள்ளையும் நிழலும் வைத்திருக்கிறார்கள். புருவங்கள் அக்கால நாகரிகப்படி நேரான மெல்லிய கோடாக. முகத்தைவிட முத்துக்கே ஓவியர் அதிகம் உழைத்தாரோ என்று நினைக்கத் தோன்றும், ஆனால் சாபியின் முகம் மற்ற அரசியரின் முகங்களைவிடத் தனித்தன்மை உடையதாகவே எனக்குப் படுகிறது. குப்லாயின் ஆட்சியில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. வேட்டையில் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது என்று கணவர் சொன்னபோது தொப்பிக்கு முன்விளிம்பு வைத்துக் கொடுத்தவர் அவர்தான் என்று யுவான் வரலாறு சொல்கிறது. 1281-இல் மறைந்தார். அதே 1281-இல் தென்கிழக்குத் துறைமுகமான சுவான்சோவில் தமிழ் வணிகச் சமூகம் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்து, கானின் திருமேனி நலம் வேண்டித் தமிழில் கல்வெட்டுப் பொறித்தது. அந்தக் கல் கிடைத்திருக்கிறது. குப்லாயின் உடல்நலத்துக்காகத் தமிழில் வேண்டுதல் எழுந்த ஆண்டும், அவர் அரசிக்கு நினைவு உருவம் தேவைப்பட்ட ஆண்டும் ஒன்றே.

உயிரோடு இருக்கும்போதே குப்லாயை வரைந்த ஓவியமும் ஒன்று உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். லியூ குவான்தாவ் 1280-இல் பட்டில் வரைந்த வேட்டைக் காட்சி அது. அதுவும் தைப்பேயில்தான் இருக்கிறது. 182.9 சென்டிமீட்டர் உயரம். மஞ்சள் மணல்வெளியில் வெண்ணிற மென்மயிர் அங்கியோடு குதிரைமேல் குப்லாய், பக்கத்தில் சாபி எனக் கருதப்படும் பெண், சுற்றிலும் வேட்டைக்காரர்கள், தொலைவில் ஒட்டக வரிசை. இந்த லியூ குவான்தாவ் அதற்கு முந்தைய ஆண்டு பட்டத்து இளவரசர் ஜென்ஜினின் உருவத்தை வரைந்து பாராட்டுப் பெற்று, அரச உடைப் பிரிவில் பதவி வாங்கியவர். அவர் காட்டும் குப்லாய் பருத்த, திடமான உருவம். ஏட்டில் இருப்பவரோடு முகம் ஒத்துப்போகிறது. இருவேறு ஓவியர்கள் பதினான்கு ஆண்டு இடைவெளியில் காட்டும் முகங்கள் இப்படி ஒத்துப்போவதால் ஏட்டின் நம்பகத்தன்மை கூடுகிறது.

நெய்த உருவங்கள் என்ன ஆயின? குப்லாய், சாபி உருவங்கள் இருந்த வான்ஆன் விகாரம் வெள்ளைத் தூபியைச் சுற்றி அமைந்தது. 1368 கோடையில், யுவான் ஆட்சியின் கடைசி வாரங்களில், இடிமழையின் நடுவே அந்த விகாரம் தீப்பிடித்தது. கடைசி அரசர் தொகோன் தெமூர் கேட்டு அழுதார். அதிகாரிகளை எல்லாம் அனுப்பி அணைக்கச் சொன்னார். கிழக்கு, மேற்கு உருவக் கூடங்களில் இருந்த வழிபாட்டுப் பொருள்கள் மட்டும் தப்பின, மற்றவை சாம்பலாயின என்று பதிவு. அந்தச் செப்டம்பரிலேயே மிங் படைகள் தலைநகரைப் பிடித்தன. அரசர் வடக்கே தப்பியோடினார். நெய்த அரச உருவத் திரைகளில் தனியாக ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை.

ஆனால் ஒரு பெரிய விதிவிலக்கு நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1992-இல் அது வாங்கிய கெசி மண்டலம். வஜ்ரபைரவர் என்ற பௌத்தத் தெய்வம் நடுவில், 245.5 சென்டிமீட்டர் உயரம், 209 சென்டிமீட்டர் அகலம். 1330-ஐ ஒட்டியது. கீழ் விளிம்பின் இரு மூலைகளிலும் கொடையளித்தவர்கள்: ஒருபுறம் துக் தெமூரும் அண்ணன் கோஷிலாவும், மறுபுறம் அவர்கள் மனைவியர் புதாஷிரியும் பாபுஷாவும். திபெத்திய எழுத்தில் பெயர்கள். 1329-இல் கோஷிலா தம்பியைச் சந்தித்த சில நாட்களில் திடீரென இறந்துபோனார். நஞ்சு வைக்கப்பட்டது என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. அந்தச் சாவின் பயன் கிடைத்த தம்பி, அண்ணனோடு சேர்ந்து தெய்வத்தின் காலடியில் அமர்ந்திருப்பதாக நெய்ய வைத்திருக்கிறார். பழி அங்கேயும் ஓயவில்லை: 1340-இல் கோஷிலாவின் மகன் தொகோன் தெமூர், துக் தெமூரின் பெயர்ப் பலகையை மூதாதையர் கோயிலிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். அப்படியும் துக் தெமூரின் பட்டு ஓவியம் ஏட்டில் பிழைத்துக்கொண்டது, கோஷிலாவின் ஓவியம் ஏட்டில் இல்லை. ஆறு வயதில், இரண்டு மாதத்துக்கும் குறைவாக அரியணையில் இருந்து 1332-இல் இறந்த ரிஞ்சின்பாலுக்கு ஏட்டில் இடம் இருக்கிறது. குப்லாய்க்கு முன் எட்டு ஆண்டு ஆண்ட அவர் அண்ணன் மோங்கேக்கு இல்லை. இன்று இருக்கும் எட்டு, யாரோ தேர்ந்தெடுத்த எட்டு என்பதைவிட, காலம் விட்டுவைத்த எட்டு என்பதே பொருந்தும்.

பிறகு இந்த ஏடுகள் மிங் அரண்மனையிலும் சிங் அரண்மனையிலும் கிடந்தன. 1740-களின் பிற்பகுதியில் சியான்லோங் பேரரசர் முந்தைய வம்சங்களின் உருவப்படங்களை எல்லாம் ஒழுங்குபடுத்தி, பெய்ஜிங் அரண்மனையின் நான்ஷுன் மண்டபத்தில் வைக்கச் செய்தார். உள்நாட்டுப் போரின் முடிவில், 1940-களின் இறுதியில், அரண்மனைச் சேகரிப்பின் ஒரு பகுதியோடு கப்பலில் தைவான் போய்ச் சேர்ந்தன.

இவற்றை நன்றாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பட்டு வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் தைப்பே அருங்காட்சியகம் ஏடுகளை எப்போதாவதுதான் காட்சிக்கு வைக்கிறது. ஆனால் அதன் இணையதளத்திலும் மெட்ரோபொலிட்டன் இணையதளத்திலும் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்கள் இருக்கின்றன. தைப்பே ஏட்டில் உள்ள துக் தெமூரின் முகத்தை ஒரு பக்கமும், மண்டலத்தின் மூலையில் நெய்யப்பட்ட துக் தெமூரின் முகத்தை மறுபக்கமும் திறந்துவையுங்கள். முகம் திரும்பியிருக்கும் கோணம், மீசை, காதுக்குப் பின் சடை வளையம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தூரிகையின் கோடு ஊடை இழையாக மாறும்போது எது தங்கியது, எது விடுபட்டது என்பது உங்களுக்கே தெரியவரும்.